பொம்மைக்கு உயிர் கொடுக்கும் மங்கல்

1933-இல் 'கிங் காங்' படம் பார்க்கப் போன 13 வயதுச் சிறுவன் ரே ஹாரிஹாசனுக்கு, வெளியே வந்தபின் ஒரே கேள்விதான்: அந்தக் குரங்கை எப்படி நடக்க வைத்தார்கள்? திரையை அடைத்துக்கொண்டு நின்ற அந்த ராட்சதன் உண்மையில் ஒன்றரை அடிப் பொம்மை. உள்ளே மூட்டுகள் கொண்ட உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பரும் ரோமமும். கையை நெல்லளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். இப்படி 24 படங்கள் எடுத்தால் திரையில் ஒரு நொடி ஓடும்.

இதைத் தெரிந்துகொண்ட பையன் வீட்டிலேயே பொம்மை செய்யத் தொடங்கினான். கரடிக்கு அம்மாவின் ரோமக் கோட்டு போயிற்று. உலோக மூட்டுகளை அப்பா கடைந்து கொடுத்தார். (நம் வீடுகளில் பட்டுப்புடவையில் கத்தரி வைத்திருந்தால் கதையே வேறு.) பின்னாளில் 1963-இல் வந்த ஒரு படத்தில் அவர் ஏழு எலும்புக்கூடுகளை வாள்சண்டை போடவைத்தார். சில நிமிடக் காட்சிக்கு நான்கு மாதங்களுக்கு மேல் ஆனது.

ஆனாலும் அந்த அசைவில் ஒரு வெட்டுவெட்டான துள்ளல் தெரியும். காரணம், ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் பொம்மை அசையாமல் நிற்கிறது; எல்லாப் படமும் துல்லியமாக விழுகிறது. நிஜ உலகம் அப்படி விழாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வெளிச்சம் குறைந்த மாலையில், சைக்கிள் ஓட்டும் குழந்தையைச் செல்பேசியில் படமெடுத்துப் பாருங்கள்: காந்தி சிலை தெளிவாக இருக்கும், சைக்கிள் இழுபட்டு மங்கியிருக்கும். சினிமா கேமராவின் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, ஒவ்வொரு படத்துக்கும் வழக்கமாக நொடியில் 48-இல் ஒரு பங்கு திறந்திருக்கும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் அதற்குள் ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த மங்கலை வைத்துத்தான் கண் அசைவை நம்புகிறது.

ஹாரிஹாசனின் சிந்துபாத் படத்தைச் சிறுவயதில் பார்த்துச் சொக்கிப்போனவர் ஃபில் டிப்பெட். 1981-இல் வெளியான 'டிராகன்ஸ்லேயர்' படத்துக்காக அவரும் சக கலைஞர்களும் பொம்மையில் கம்பிகளைப் பொருத்தி, கணினி இயக்கும் மோட்டார்களோடு இணைத்தனர். ஷட்டர் திறந்திருக்கும்போதே பொம்மை நகர்ந்தது. படத்தில் மங்கலும் விழுந்தது. 1993-இல் 'ஜுராசிக் பார்க்' படத்தில் கணினியில் உருவான டைனோசர்கள் வந்தபோதும் பொம்மை ஒழிந்துவிடவில்லை: உணரிகள் பொருத்திய எலும்புக்கூட்டைக் கையால் அசைக்க, கணினி அதைப் பதிவுசெய்தது.

'லைஃப் ஆஃப் பை' படத்துக்குப் புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் படப்பிடிப்பு நடந்தது ஊரறிந்த சேதி. அதில் வரும் புலி பெரும்பாலான காட்சிகளில் கணினியில் பிறந்தது. அது பாயும் இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தால் பாதத்தின் விளிம்பு மங்கித் தெரியும். கணினிக்குள் ஷட்டர் ஏது? திறந்திருந்தால் பாதம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, வேண்டுமென்றேதான் மங்கலாக்குகிறார்கள்.