ஏர்கிராஃப்ட் டேங்க் டெஸ்ட்டுக்கு ஃப்ளோட் வால்வு வாங்கப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரம் ஒரு தம்பி ஃபோன் பண்ணினான். ஒரு சின்ன பட்டறைல டெஸ்ட் ரிக் (பாகங்களை மாட்டிச் சோதிக்கிற அமைப்பு) கட்டுற வேலைல இருக்கான். "அண்ணே, ஃப்ளைட்டோட ஃப்யூயல் டேங்க் ஒண்ணு டெஸ்ட்டுக்கு வந்திருக்கு, ரொம்பினதும் தானா நிக்கிற மாதிரி முக்கால் இன்ச் ஃப்ளோட் வால்வு வேணும், எங்க கிடைக்கும்?"னு கேட்டான். உள்ள என்ன ஊத்தப் போறேன்னு கேட்டேன், முதல்ல தண்ணி, அப்புறம் ஏடிஎஃப்னான், அதாவது ஜெட் விமானத்துக்கு ஊத்துற எண்ணெய். லைன்ல பிரஷர் எவ்வளவுன்னு கேட்டேன், மூணரை பார் வரும்ணேன்னான். வென்ட், அதான் டேங்க்குக்குள்ள காத்து போய் வர்ற குழாய், எவ்வளவு பெருசுன்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதிலே வரலை.

அவனைக் குறை சொல்லலை, இந்தக் கேள்வி எனக்கு வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வருது, எல்லாரும் சைஸைத்தான் கேக்குறாங்க, வென்ட்டைப் பத்தி யாரும் வாயைத் திறக்குறதில்ல. அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல ஒரு கதை சொல்லிடறேன். பல வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல, ஒரு ட்ரெயினர் விமானத்தோட அலுமினியம் டேங்க்கை இறக்கையிலிருந்து கழட்டி டெஸ்ட் பண்ணிட்டு இருந்தோம். காலைல காத்தடிச்சு லீக் டெஸ்ட், அதுக்காக வென்ட்ல ரப்பர் கார்க் அடிச்சாச்சு, அடிச்சது நான்தான். சோப்புத் தண்ணி தடவிப் பாத்தோம், ஒரு ரிவெட் ஓரத்துல மட்டும் குமிழி வந்துச்சு, மார்க் பண்ணிட்டுச் சாப்பிடப் போயிட்டோம். மத்தியானம் ஏடிஎஃப் ரொப்பற டெஸ்ட். ரிக்ல மாட்டியிருந்தது மாடித் தொட்டிக்குப் போடுற சாதாரண ஃப்ளோட் வால்வு, முந்தின நாள் பூரா ஏடிஎஃப்ல கிடந்ததுல உள்ள இருந்த ரப்பர் வாஷர் ஊறிப் பருத்து பாதி திறந்த நிலையிலேயே சிக்கிக்கிச்சு, வென்ட்ல காலைல அடிச்ச கார்க் அப்படியே இருக்கு, ஃப்ளோட் வால்வு இருக்கேன்னு நம்பி யாரும் லெவலைப் பாக்கலை. திடீர்னு தகர டின் மேல யாரோ ஏறி மிதிச்ச மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய் பம்ப்பை ஆஃப் பண்றதுக்குள்ள டேங்க்கோட மேல் தகடு உப்பி, உள்ள தடுப்புத் தகட்டைப் பிடிச்சிருந்த ரிவெட் வரிசையா பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அந்த டேங்க் திரும்ப விமானத்துல ஏறவே இல்ல.

ஏன் இவ்வளவு சீக்கிரம் உப்புச்சு? ஃப்யூயல் டேங்க் பிரஷர் தாங்குற பாத்திரமே கிடையாது. 1 பிஎஸ்ஐ (ஒரு சதுர இன்ச்சுக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) ஏதோ சின்ன நம்பர் மாதிரி தெரியும், ஆனா 1 சதுர மீட்டர் தகட்டுல அது கிட்டத்தட்ட 700 கிலோ தள்ளு. சின்ன விமானங்களோட தனி மெட்டல் டேங்க்குக்கு அமெரிக்காவுல விமானங்களுக்கு விதி போடுற எஃப்ஏஏ 2017-க்கு முன்னாடி வரைக்கும் வச்சிருந்த பகுதி 23 விதில சொன்ன டெஸ்ட் பிரஷரே 3.5 பிஎஸ்ஐதான். நம்ம ரிக் லைன்ல ஓடுறது 3.5 பார், அதாவது 50 பிஎஸ்ஐ. நடுவுல நிக்கிறது அந்த ஒரு வால்வும் அந்த ஒரு வென்ட்டும்தான்.

அதனால எந்த வால்வு வாங்கினாலும் சரி, அது ஒருநாள் திறந்தபடியே சிக்கும்னு வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. வால்வோட லிவரைக் கம்பி போட்டு திறந்த நிலையில கட்டிடுங்க, டேங்க்குக்கு பதிலா ஒரு கனமான டிரம் வச்சு, டேங்க்குல இருக்கிற அதே வென்ட்டை அதுல மாட்டி, பம்ப்பை ஃபுல் ஃப்ளோல ஓட்டுங்க, டிரம் ரொம்பி எண்ணெய் வென்ட் வழியா வழியற வரைக்கும் ஓட்டணும், காத்து போறதைவிட எண்ணெய் போறதுக்குத்தான் வென்ட் திணறும். அப்போ டிரம்ல ஏறுற பிரஷர் டேங்க்கோட லிமிட்டுக்கு ரொம்பக் கீழ நின்னா மட்டும் அடுத்த வேலைக்குப் போங்க. நிக்கலைன்னா வால்வை மாத்த வேணாம், வென்ட்டைப் பெருசாக்குங்க, இல்ல பம்ப்பைச் சின்னதாக்குங்க. காத்து டெஸ்ட்டுக்கும் இதே மாதிரி ஒரு சுலபமான வழி இருக்கு. காத்து லைன்ல ஒரு கிளை எடுத்து, நல்ல அகலமான பைப்பாப் போட்டு, நுனியை ஆழமான தண்ணிக்குள்ள விட்டுடுங்க. 70 சென்டிமீட்டர் தண்ணி ஆழம் 1 பிஎஸ்ஐ, அதுக்கு மேல போனா காத்து குமிழியா வெளிய போயிடும். ஒட்டிக்கிறதுக்கு ஸ்பிரிங் இல்ல, பருக்குறதுக்கு ரப்பரும் இல்ல.

இப்போ வால்வுக்கு வரேன். தண்ணில சரியா மூடுற ஃப்ளோட் ஃப்யூயல்ல சரியா மூடாது, இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் பசங்க நம்புறதில்ல, அதனால கணக்காவே போட்டுக் காட்டுறேன். 10 சென்டிமீட்டர் உருண்டை, அதோட கன அளவு 524 சிசி, எடை 90 கிராம்னு வைங்க. லிவர் 10 மடங்கு, சீட் ஓட்டை, அதாவது வால்வு மூட வேண்டிய ஓட்டை, 10 மில்லிமீட்டர். 3.5 பார்ல அந்த ஓட்டையைத் தள்ளுற விசை சுமார் 2.8 கிலோ, லிவர் அதைப் பத்தா பிரிச்சா உருண்டை 280 கிராம் மேல தூக்கணும், தன் எடையையும் சேத்து 370 கிராம். தண்ணில உருண்டை 70 சதவீதம் முங்கினா அந்த விசை வந்துடும். ஏடிஎஃப் அடர்த்தி சுமார் 0.8, அதுல 88 சதவீதம் முங்கணும். பிஸ்டன் இன்ஜினுக்குப் போடுற நீலக் கலர் அவ்கேஸ்ல அடர்த்தி 0.72 பக்கம், அங்க 98 சதவீதம் முங்கணும், அதாவது பம்ப் கொஞ்சம் துடிச்சாலும் இல்ல லிவர் பின்ல லேசா பிசுக்கு பிடிச்சாலும் வால்வு மூடவே மூடாது. ஆனா தண்ணில டெஸ்ட் பண்ணின அன்னைக்கு அழகா மூடியிருக்கும், எல்லாரும் கையெழுத்தும் போட்டிருப்பாங்க!

ஏடிஎஃப்லயாவது மூடிடுச்சேன்னு விட முடியுமா? தண்ணிக்கும் ஏடிஎஃப்புக்கும் நடுவுல அந்த உருண்டை ஒன்றரை சென்டிமீட்டர் கூட முங்கணும், லெவல் அவ்வளவு மேல ஏறும். மாடித் தொட்டில அது ஒண்ணுமே இல்ல. இறக்கை டேங்க் தட்டையா அகலமா இருக்கும், ஒரு சதுர மீட்டருக்கு 15 லிட்டர் அதிகமா போயிடும். வெயில்ல எண்ணெய் விரியறதுக்காக டேங்க் கொள்ளளவுல குறைஞ்சது 2 சதவீதம் காலி இடம் விடணும்னு விதி இருக்கு, 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டையான டேங்க்ல அந்த 2 சதவீதம் வெறும் 4 மில்லிமீட்டர். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் அதை முழுசா விழுங்கிட்டு வென்ட் குழாய்க்குள்ளயும் ஏறிடும்.

அதனால லைன் பிரஷர் ஒரு பாருக்கு மேல இருந்தா நேரடியா மூடுற ஃப்ளோட் வால்வை மறந்துடுங்க, பைலட் டைப் கேளுங்க. அதுல ஃப்ளோட் ஒரு குண்டூசி அளவு ஓட்டையைத்தான் மூடும், அதை மூடினதும் டயாஃப்ரம்ங்கிற சவ்வுக்குப் பின்னாடி லைன் பிரஷரே தேங்கி பெரிய வால்வை மூடிடும், பிரஷர் ஏற ஏற இன்னும் இறுக்கமா பிடிக்கும். விமானத்துக்குள்ள இறக்கைக்குக் கீழ நாசில் மாட்டி ரொப்பற சிஸ்டத்துல பல மாடல்ல இருக்கிறது இந்த முறைதான். பெரிய விமானங்களுக்கான விதில இன்னொண்ணும் இருக்கு, ஒவ்வொரு தடவை எண்ணெய் ரொப்பறதுக்கு முன்னாடியும் இந்த ஷட்ஆஃப் வேலை செய்யுதான்னு சோதிக்க வழி வச்சிருக்கணும். ப்ரீ-செக்னு சொல்வாங்க, ஆரம்பத்துலயே ஃப்ளோட்டைச் செயற்கையா தூக்கி வால்வு மூடுதான்னு பாத்துட்டுத்தான் ஃபுல்லா விடுவாங்க. நம்ம ரிக்லயும் ஃப்ளோட்டை வெளியிலிருந்து தூக்க ஒரு கம்பி வச்சா போதும், தினமும் காலைல அரை நிமிஷ வேலை.

ரப்பர் விஷயத்துல கடைக்காரர் சொல்றதை மட்டும் நம்பாதீங்க, எல்லா ரப்பரும் கறுப்பாத்தான் இருக்கும். இயற்கை ரப்பர், ஈபிடிஎம் ரெண்டும் ஏடிஎஃப்ல பருத்துடும், நைட்ரைல் சாதாரண ரிக்குக்குத் தாங்கும், குளிர் சேம்பர்ல வச்சு டெஸ்ட் பண்றதா இருந்தா ஃப்ளோரோசிலிகோன் பாருங்க, வைட்டன் எண்ணெய்க்கு அருமையானது ஆனா பல கிரேடு கடுங்குளிர்ல விறைச்சுடும். வாஷரை வெர்னியர்ல அளந்து எழுதி வச்சுட்டு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல அதே எண்ணெய்ல 3 நாள் ஊறப் போட்டுத் திரும்ப அளங்க, வேற பெரிய லேப் எதுவும் தேவையில்ல. பித்தளை உடம்பு, ஜிஐ பைப், காட்மியம் பிளேட்டிங் எதுவும் வேணாம், செம்பும் துத்தநாகமும் ஏடிஎஃப்போட தரத்தைக் கெடுக்கும், ஸ்டெயின்லெஸ் போயிடுங்க. தகர உருண்டையா இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை எடை போடுங்க, ஏறியிருந்தா ஊசி ஓட்டை வழியா எண்ணெய் உள்ள போயிருக்குன்னு அர்த்தம். அதைத் தயவுசெஞ்சு ஈயம் வச்சு ஒட்டாதீங்க, உள்ள இருக்கிற ஆவி பத்திக்கும்.

பத்திக்கிறதுன்னதும் இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ஏடிஎஃப்போட ஃப்ளாஷ் பாயிண்ட் (பொறி பட்டா ஆவி பத்திக்கிற வெப்பநிலை) குறைஞ்சது 38 டிகிரின்னு இருக்கு, அதைக் கேட்டுட்டு பெட்ரோல் மாதிரி இல்ல பயமில்லன்னு சொல்றவங்க இருக்காங்க. கத்திரி வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள வச்ச டேங்க் தகட்டைத் தொட்டுப் பாருங்க, அது 38-ஐத் தாண்டியிருக்கும். மேலிருந்து தெறிக்க ஊத்தினா, ஃபில்டர் வழியா வேகமா தள்ளினா, எண்ணெய்ல ஸ்டாட்டிக் ஏறும், அந்த நேரத்துல நைலான் பின்ல தொங்குற ஒரு மெட்டல் மிதவை எதோடயும் எர்த் ஆகாம உள்ள மிதந்தா அது சார்ஜை வாங்கி வச்சுக்கிட்டு சுவத்துக்கிட்ட வரும்போது பொறியா விடும். லிவருக்கும் வால்வு உடம்புக்கும் நடுவுல பாண்டிங் (கரண்ட் போற இணைப்பு) இருக்கான்னு மீட்டர் வச்சுப் பாருங்க. குழாய் வாய் எண்ணெய்க்குள்ள முங்குற வரைக்கும் வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்குள்ள இருக்கணும், முக்கால் இன்ச் பைப்ல அது நிமிஷத்துக்கு 19 லிட்டர்தான்.

1990 மே 11-ம் தேதி மணிலா ஏர்போர்ட்ல பிலிப்பைன் ஏர்லைன்ஸோட போயிங் 737-300 ஒண்ணு, கேட்லேர்ந்து பின்னாடி தள்ளிட்டு இருக்கும்போதே சென்டர் டேங்க் வெடிச்சு 8 பேர் இறந்தாங்க. அந்த டேங்க்குல ரெண்டு மாசமா எண்ணெய் ரொப்பலை, மிச்சம் மீதி ஆவிதான் இருந்தது. பொறி எங்கிருந்து வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியலை, ஆனா ஃப்ளோட் சுவிட்சுக்குப் போற வயர்ல இன்சுலேஷன் சேதமாகியிருந்ததை விசாரணைல கண்டுபிடிச்சு, பம்ப், ஃப்ளோட் சுவிட்ச், வயரிங் எல்லாத்தையும் சோதிக்கச் சொல்லி அமெரிக்காவுல விபத்துகளை விசாரிக்கிற என்டிஎஸ்பி பரிந்துரை பண்ணுச்சு. ஆறு வருஷம் கழிச்சு 1996 ஜூலை 17-ல டிடபிள்யூஏ 800 விமானத்துல 230 பேர் போனதும் சென்டர் டேங்க் ஆவி வெடிச்சுதான். அதனால "அண்ணே, வால்வுக்கு பதிலா எலக்ட்ரிக் ஃப்ளோட் சுவிட்ச் போட்டா ஈஸியாச்சே"ன்னு அந்தத் தம்பி கேட்டப்போ, இன்ட்ரின்சிக் சேஃப் பேரியர் (பொறி வர்ற அளவுக்கு கரண்ட் உள்ள போகாம தடுக்கிற சாதனம்) இல்லாம ஒரு வயரையும் டேங்க்குக்குள்ள விடாதேன்னு சொன்னேன்.

கடைசியா, அவன் கோட்டேஷன் கேக்கும்போது முக்கால் இன்ச்னு மட்டும் எழுதாம, என்ன எண்ணெய், அதோட அடர்த்தி, லைன் பிரஷர், ஃப்ளோ, சீல் ரப்பர் என்னது, உடம்பு என்ன மெட்டல், எந்த லெவல்ல மூடணும், இத்தனையும் எழுதி அனுப்பச் சொன்னேன். சாயங்காலமே அனுப்பிட்டான், கூடவே வென்ட்டை அளந்து ஒரு ஃபோட்டோவும் போட்டிருந்தான், அரை இன்ச். முக்கால் இன்ச்ல 3.5 பார்ல உள்ள வர்றது அரை இன்ச் வழியா வெளிய போகாதுடா தம்பி, வால்வு ஆர்டரை நிறுத்திட்டு முதல்ல டிரம் டெஸ்ட்டைப் பண்ணுன்னு சொல்லியிருக்கேன். நாளைக்குப் பண்றான்.