பால் குடிக்கும் குழந்தை அம்மா முகத்தைப் பார்க்கிறதா?

"பால் குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்குறான் டாக்டர்."

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து நான்கு மாதக் கைக்குழந்தையோடு வந்த அம்மா, உட்காரும் முன்பே இதைச் சொன்னார். இரண்டாவது மாதத்திலேயே கவனித்துவிட்டாராம். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்றார் பாட்டி. 'போகப் போக சரியாயிடும்' என்று ஒரு மருத்துவரும் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விளக்கைக் காட்டினேன். குழந்தையின் கண்கள் அதன் பின்னால் வரவில்லை, நிலைகொள்ளாமல் அலைந்தன. முகம் வெளுத்திருந்தது, வயிறு உப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தால் கல்லீரலும் மண்ணீரலும் கைக்குத் தட்டுப்பட்டன. எக்ஸ்ரேயில் எலும்புகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரே வெள்ளை. ஆஸ்டியோபெட்ரோசிஸ், அதாவது பளிங்கு எலும்பு நோய். குழந்தைகளைத் தாக்கும் கடுமையான வகை ஏறக்குறைய 2,50,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும்.

எலும்பு ஒரு பக்கம் கட்டப்படும், மறுபக்கம் கரைக்கப்படும். இந்நோயில் கரைக்கும் செல்கள் வேலை செய்வதில்லை. எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜைக்கான இடம் அடைபடுவதால் ரத்தம் குறைகிறது. கண் நரம்பு மூளைக்குப் போகும் வழியில் மண்டையோட்டில் ஒரு சின்ன எலும்புக் குழாய் இருக்கிறது. குழந்தை வளரும்போது அதுவும் விரிய வேண்டும். விரியாமல் நெருக்கினால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

அறுவை சிகிச்சை அந்த நெருக்கத்தை எடுப்பதற்குத்தான். நரம்பியல் அறுவை நிபுணர் மண்டையோட்டைத் திறந்து, வைர முனை டிரில்லால் குழாயின் கூரையைத் தேய்த்து எடுப்பார். நரம்பு சூடாகாமலிருக்க உப்புநீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பளிங்குபோல் இறுகிய எலும்பு, உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்த ரத்தம், கைக்குள் அடங்கும் உடம்பு. எளிய வேலை இல்லை. பெற்றோரிடம் நான் மறைக்காமல் சொல்வது இதுதான்: பிழைத்திருக்கும் நரம்பைத்தான் காப்பாற்ற முடியும், செத்ததை எழுப்ப முடியாது. இந்தக் குழந்தைக்கு மூளைவரை எவ்வளவு பார்வை போகிறது என்று அளக்கும் விஇபி சோதனையில் வலது கண் கோடு தட்டையாகவே இருந்தது. இடது கண்ணில் கொஞ்சம் மீதி இருந்தது. அதற்காகத்தான் அறுவை.

அப்புறம் மஜ்ஜை மாற்றம். எலும்பைக் கரைக்கும் செல்கள் ரத்த வம்சத்திலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் குழந்தைகளைத் தாக்கும் கடுமையான வகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புது மஜ்ஜைதான் நோயின் வேரைத் தீர்க்கும் சிகிச்சை. அது இல்லாவிட்டால் எலும்பு மறுபடி நெருக்கலாம். இந்தக் குழந்தைக்கு அக்காவின் மஜ்ஜை பொருந்தியது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில், ஒரே முறை சிகிச்சையில் தீரக்கூடிய நோய்களுக்கான முதல் பிரிவில் இந்நோய் இருக்கிறது. அந்தக் கொள்கைப்படி உதவி கேட்க, பெங்களூரில் இந்திரா காந்தி மருத்துவமனையோடு இணைந்த மனித மரபியல் மையம் இருக்கிறது.

பேச்சுக்கு நடுவே அந்த அம்மா கணவரை "மாமா" என்றார். சொந்தமா என்று கேட்டேன். "எங்க அம்மாவோட கூடப்பிறந்த தம்பி." யாரையும் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பழுது எந்த மரபணுவில் என்று தெரிந்துவிட்டால் 11 வாரக் கர்ப்பத்திலிருந்தே சோதிக்கலாம்.

மூன்று மாதத்தில் குழந்தை முகத்தை உற்றுப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அந்த வாரமே காட்டுங்கள். 'பொறுங்கள்' என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடம் போங்கள்.

போன மாதம் அவன் வந்தான். தலையை ஒருக்களித்து, இடது கண்ணால் அம்மாவின் மூக்குத்தியைப் பார்த்துப் பிடித்து இழுத்தான். வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் அவர் விட்டுவிட்டார்.