15 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல் எவ்ளோ சூடு? கல்லுகிட்ட கேட்டாங்க

"டைனோசர் காலத்துல பூமி இப்ப இருக்கறத விட சூடா இருந்துச்சுன்னு எழுதுறீங்களே, அப்ப யாரு தெர்மாமீட்டர் வச்சு பாத்தா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரொம்ப நியாயமான கேள்வி. விடைய மட்டும் சொல்லிட்டு வழிய சொல்லலன்னா அறிவியலுக்கும் ஜோசியத்துக்கும் வித்தியாசமே இல்லாம போயிடும்.

ஃபாசில் எப்படி உருவாகுதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, செத்தது சேத்துல புதைஞ்சு அப்படியே கல்லாகி... அத விட்ருவோம். சில ஃபாசில் கிடைச்ச இடமே பாதி கதைய சொல்லிடும். இமயமலை மேல கடல் உயிரியோட ஓடு கிடைக்குதுன்னா அந்த பாறை ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்துருக்கு, அண்டார்டிகாவுல இலையும் மரமும் கிடைக்குதுன்னா அங்க காடு இருந்துருக்கு. ஆனா இதெல்லாம் 'சூடு', 'குளிரு'ன்னுதான் சொல்லும். எத்தன டிகிரின்னு சொல்லாது. அத சொல்றது ஆக்சிஜன்.

ஆயிரம் ஆக்சிஜன் அணு எடுத்தா அதுல சுமார் 2 மட்டும் கொஞ்சம் வெயிட்டா இருக்கும். மத்ததோட எடை 16, இதோட எடை 18. ரசாயன குணம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எடை மட்டும்தான் வேற. கடல்ல வாழுற சிப்பி, கணவாய் மாதிரி உயிர்ங்க தண்ணியில இருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து சுண்ணாம்பு ஓடு கட்டுதுங்க இல்லையா, அப்ப இந்த ரெண்டு வகை ஆக்சிஜனும் ஓட்டுக்குள்ள போயி உக்காந்துக்கும். இங்கதான் விஷயம் இருக்கு. 18 எடை உள்ளது மெதுவா அதிரும், அதனால படிகத்துல அதோட பிணைப்பு ஒரு துளி கெட்டியா இருக்கும். தண்ணி குளிரா இருந்தா இந்த வித்தியாசம் நல்லா தெரியும், 18 கொஞ்சம் கூடுதலா ஓட்டுக்குள்ள சேரும். சூடு ஏற ஏற எல்லா அணுவும் துள்ளுற துள்ளுல அந்த வித்தியாசம் மங்கிடும். அதனால ஓட்டுல 18 கூடுதலா இருந்தா குளிர்ந்த தண்ணி, கம்மியா இருந்தா சூடான தண்ணி. அந்த உயிர் செத்து, ஓடு மண்ணுல புதைஞ்சு, மேல மலையே எழும்பினாலும், ஓடு கெடாம இருக்கற வரைக்கும் அந்த விகிதம் ஓட்டுக்குள்ள அப்படியே இருக்கும்.

ஒரு டிகிரிக்கு எவ்ளோ மாறும் தெரியுமா? பத்தாயிரத்துல ரெண்டு பங்கு, அவ்ளோதான். கன ஹைட்ரஜன கண்டுபிடிச்சு 1934ல நோபல் வாங்குன ஹெரால்ட் யூரி, இப்படி அளக்க முடியும்னு 1947ல கணக்கு போட்டு காட்டினார். அப்ப இருந்த கருவியால இவ்ளோ சின்ன வித்தியாசத்த பிடிக்க முடியாது, அதனால சிகாகோவுல அவரோட டீம் கருவியையே மேம்படுத்தி கட்டுனாங்க. ஓட்ட பொடி பண்ணி ஆசிட் ஊத்துனா கார்பன் டை ஆக்சைடு வரும், அத மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல விட்டா எடை 44 உள்ள மூலக்கூறும் 46 உள்ளதும் காந்தப்புலத்துல வேற வேற வளைவுல பிரிஞ்சு போகும். எது எவ்ளோன்னு எண்ணிக்கலாம்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச இடத்துக்கு வர்றேன். பெலம்னைட்னு ஒரு உயிர், கணவாயோட சொந்தக்காரன், இப்ப பூமியில இல்ல. அதோட உடம்புக்குள்ள தோட்டா மாதிரி ஒரு கெட்டியான சுண்ணாம்புத் தண்டு இருக்கும். ஐரோப்பாவுல இத இடி விழுந்து வந்த கல்லுன்னு நம்பி மருந்துக்கு கூட இடிச்சு குடிச்சிருக்காங்க, ஆனா அதுக்குள்ள நெசமா இருந்தது எந்த மந்திரத்த விடவும் பெரிய ஆச்சரியம். தண்ட குறுக்க வெட்டுனா மரத்துல இருக்கற மாதிரி வளையம் வளையமா தெரியும், வெளி வளையம்தான் கடைசியா வளந்தது. யூரியோட ஆளுங்க சுமார் 15 கோடி வருஷத்துக்கு முந்தின ஜுராசிக் காலத்து பெலம்னைட் ஒண்ண எடுத்து வெளிய இருந்து உள்ள வரைக்கும் அடுக்கடுக்கா சுரண்டி ஒவ்வொண்ணா அளந்தாங்க. அத வச்சு கணக்கு போட்டா தண்ணியோட சூடு ஏறுது, இறங்குது, திரும்ப ஏறுது. அதாவது வெயில் காலம், குளிர் காலம், வெயில் காலம். 1951ல அவங்க வெளியிட்டது இதுதான்: இந்த உயிர் குட்டியா இருந்த காலத்துக்கு அப்புறம் மூணு கோடையும் நாலு குளிர்காலமும் பாத்துருக்கு, சின்ன வயசுல இருந்த தண்ணி கடைசி காலத்துல இருந்தத விட சூடு, சராசரி 17.6 டிகிரி, கோடைக்கும் குளிருக்கும் நடுவுல அதிகபட்சம் 6 டிகிரி வித்தியாசம், சுமார் நாலு வயசுல வசந்த காலத்துல செத்துருக்கு. செத்த சீசன் எப்படி தெரியும்னா, எல்லாத்துக்கும் வெளிய இருக்கற கடைசி அடுக்கு குளிர்கால அளவ தாண்டி சூட்ட நோக்கி ஏறிட்டு இருக்கு, அதோட நின்னு போச்சு. மனுஷனே இல்லாத காலத்துல ஒரு சின்ன கடல் பிராணி எந்த சீசன்ல செத்துச்சுன்னு நாம இன்னைக்கு படிக்கிறோம்! எத்தன தடவ படிச்சாலும் எனக்கு புல்லரிக்கும்.

கண்ண மூடிட்டு நம்பவும் கூடாது. அந்த பெலம்னைட் சீசனுக்கு சீசன் ஆழம் மாறி நீந்தியிருந்தா தண்ணியோட சூடும் மாறித்தான் இருக்கும். இன்னொரு பெரிய சிக்கல் ஐஸ். கடல் ஆவியாகும்போது 16 எடை உள்ளதுதான் சுலபமா கிளம்பும், அது துருவத்துல பனியா விழுந்து அங்கயே உறைஞ்சுட்டா கடல்ல 18 கூடிப்போகும். அப்ப ஓட்டுல 18 அதிகம்னா குளிரா, இல்ல உலகத்துல ஐஸ் அதிகமா? 1955ல செசாரே எமிலியானிங்கற விஞ்ஞானி, ஃபோராம்னு சொல்ற மணல் சைஸ் கடல் உயிரிகளோட ஓட்ட வச்சு பனியுகங்கள அளந்தப்ப பெரும்பாலும் வெப்பநிலைதான்னு எடுத்துக்கிட்டார். 1967ல நிக்கோலஸ் ஷாக்கல்டன்னு இன்னொரு விஞ்ஞானி அழகா மடக்கினார்: கடல் அடித்தளத்துல வாழ்ந்த ஃபோராமும் மேல மிதந்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவு மாற்றத்த காட்டுது, ஆனா அடித் தண்ணி ஏற்கனவே உறையற நிலைக்கு பக்கத்துல இருக்கு, அதுக்கு மேல அவ்ளோ குளிர முடியாது, அப்ப மாற்றத்துல பெரும்பங்கு ஐஸோடதுதான்! இப்ப ஓட்டுல எவ்ளோ மெக்னீசியம் இருக்குன்னும் சேத்து பாக்குறாங்க, தண்ணி சூடானா ஓட்டுல மெக்னீசியம் கூடும், ரெண்டையும் வச்சு சூட்டையும் ஐஸையும் தனித்தனியா பிரிச்சிடலாம்.

இந்த ஃபோராம் ஓடுங்க கடலடி சேத்துலதான் புதைஞ்சு கிடக்கு, அதனால இப்படி அளக்க அந்த சேறு வேணும். அத ஆழ்கடல்ல துளை போட்டு எடுத்துட்டு இருந்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலுக்கு அமெரிக்கா பணத்த நிறுத்தி, 2024ல அதோட வேல முடிஞ்சுது. 5.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி காத்துல கார்பன் எகிறி பூமி 5, 6 டிகிரி சூடானத நாம தெரிஞ்சுக்கிட்டதே இந்த மாதிரி சேத்துல இருந்த ஃபோராம் ஓட்ட வச்சுதான், அதே கார்பன் இன்னைக்கும் ஏறிட்டு இருக்கற நேரத்துல இந்த செலவ மிச்சம் பிடிக்கிறது எனக்கு கொஞ்சம் கூட சரியா படல. ஏற்கனவே எடுத்த சேத்துத் தூண்கள் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கான்னு மூணு எடத்துல குளிர்பதனத்துல இருக்கு, எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் எழுதிக் கேட்டா துண்டு வெட்டி அனுப்புறாங்க, அத வச்சுதான் இப்போதைக்கு வேல ஓடணும்.