மூன்றாவது பூ வரும்வரை பிடுங்க வேண்டாம்

போன கிழமை திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி நாலு படங்களும் ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தார். நுவரெலியாவில் சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் நின்ற ஊதா டேலியாவில் காய்ந்த தலையொன்றைப் பிய்த்து விதை கொண்டுவந்து, கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்ததும் தும்புத்தூளில் போட்டிருக்கிறார். 14 கன்றுகள் தேறின. மாசியில் பூத்தபோது ஒன்றுகூடத் தாயைப்போல இல்லை. அதில் ஒன்று எல்லாவற்றையும்விட விசித்திரம்: மஞ்சள் இதழ்களில் சிவப்புக் கீறல், இதழுக்கு இதழ் வேறு இடத்தில், ஒரு பூவில் கால்வாசி முழுச் சிவப்பு. "அண்ணை, மாமி இதைப் பிடுங்கி எறியச் சொல்லுறா. ரெண்டு நிறத்தில பூக்கிற கண்டு வாசலில நிண்டா குடும்பம் ரெண்டாப் போகுமாம். எனக்கெண்டா இது புது இனமோ எண்டு ஒரு ஆசை. வைச்சிருக்கவா?"

வைத்திருங்கள் தங்கச்சி, கட்டாயம் வைத்திருங்கள். புது இனமா என்ற கேள்விக்கு மட்டும் இன்றைக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. அதை அந்தச் செடிதான் சொல்லவேண்டும், சொல்ல அதற்கு இரண்டு மூன்று வருடம் வேண்டும். பிடுங்கிவிட்டால் அதே செடி திரும்ப வராது என்பதை மாமிக்கும் விளங்கப்படுத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தெரிந்த விடயங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். டேலியா மெக்சிக்கோ மலைநாட்டுச் செடி. 1791இல் மத்ரிட்டில் கவனிலெஸ் என்ற தாவரவியலாளர், சுவீடன்காரரான அந்தர்ஸ் டாலின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார். நாம் இதழ் என்று சொல்லுகிற ஒவ்வொன்றும், சூரியகாந்தியில் போல, தனியொரு சின்னப் பூ. தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காத செடி, ஆகவே விதைக்குத் தகப்பன் யார் என்பது அன்றைக்கு வந்த தேனீக்குத்தான் வெளிச்சம். கிழங்கைப் பிரித்தோ தளிர்த்தண்டை வெட்டியோ நட்டால் வருவது அதே செடி, விதை போட்டால் வருவது புது ஆள். சரி, இது பாடசாலையில் படித்ததுதான்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம்.

பட்டாணியிலும் நம்மிலும், குணங்களைத் தீர்மானிக்கும் ஒவ்வொரு பரம்பரையலகும் (மரபணுவும்) பொதுவாக இரண்டு பிரதிகள்: தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. தோட்டத்து டேலியாவில் இரண்டல்ல, எட்டு. அதன் கலமொன்றில் பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் 64, மனிதருக்கே 46தான். விதை உண்டாகும்போது தாய் தன் எட்டில் நாலைக் கொடுக்கும், தகப்பனும் தன் எட்டில் நாலைக் கொடுக்கும். எந்த நாலு என்பதில்தான் கதை முழுக்க இருக்கிறது.

வீட்டில் புளியங்கொட்டை இருந்தால் எட்டு எடுங்கள். நாலைத் தோலோடு கறுப்பாகவே விடுங்கள், மற்ற நாலை வறுத்துத் தோல் நீக்கி வெள்ளையாக்குங்கள். கறுப்பு, நிறம் தரும் பரம்பரையலகு. வெள்ளை, நிறம் தராத பின்னிடைவான வடிவம், அதாவது கறுப்பு ஒன்று இருந்தாலே அதன் பின்னால் ஒளிந்துகொள்வது. எல்லாவற்றையும் ஒரு சிரட்டையில் போட்டுக் குலுக்கி, பாராமல் நாலை எடுங்கள். கையில் இருப்பது ஒரு சூல்முட்டையின் பங்கு. எட்டிலிருந்து நாலை எடுக்க 70 வழிகள் உண்டு. அதில் இரண்டு கறுப்பு இரண்டு வெள்ளையாக வருவது 36 வழி, மூன்றுக்கு ஒன்று என்று வருவது ஒவ்வொரு பக்கமும் 16 வழி, நாலும் கறுப்பாக வருவது ஒரே வழி, நாலும் வெள்ளையாக வருவதும் ஒரே வழி. இதேபோலத் தகப்பனும் தன் சிரட்டையிலிருந்து நாலை எடுக்கிறது என்று வையுங்கள். இரண்டு பக்கமும் முழு வெள்ளை விழுந்தால்தான் அந்தக் கன்று நிறமே இல்லாமல் பூக்கும், அதற்கான வாய்ப்பு 70இல் ஒன்றை 70இல் ஒன்றால் பெருக்க, 4900இல் ஒன்று. மெண்டலின் பட்டாணியில் இதே வேலை நாலில் ஒன்றுக்கு முடிந்துவிடும்! நாலு விதை போட்டவருக்கே ஒளிந்திருந்தது தெரிய வாய்ப்புண்டு, டேலியாக்காரர் அதைப் பார்க்க ஒரு வயல் நிறைய நடவேண்டும்.

இது எளிதாக்கிய கணக்கு. உண்மையில் டேலியாவின் நிறமூர்த்தங்கள் இரண்டு பழைய முன்னோர் வழிகளிலிருந்து வந்து சேர்ந்தவை என்பதால் எட்டும் ஒன்றோடொன்று ஒரே மாதிரிக் கலப்பதில்லை. ஆனால் கணக்கின் சாரம் மாறாது. ஒரு குணம் ஏழு பேருக்குப் பின்னால் ஒளிந்து தலைமுறை தலைமுறையாகப் போகலாம், யாருக்கும் தெரியாமல். கறுப்புக் கொட்டை எத்தனை என்பதைப் பொறுத்து நிறம் கூடிக் குறையவும் செய்யலாம், பூச்சியத்திலிருந்து எட்டு வரை ஒன்பது படி. இது ஒரேயொரு பரம்பரையலகுக்கு. இதழின் நீளம், சுருள், அடுக்கு, தண்டின் உயரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சிரட்டை இருக்கிறதென்று நினைத்துப் பார்த்தால், 14 கன்றில் ஒன்றுகூட ஏன் தாயைப்போல இல்லை என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், சிரட்டையில் இல்லாத கொட்டை எவ்வளவு குலுக்கினாலும் வராது. நீலச் சங்குப்பூவுக்கு நீலம் தருகிற டெல்ஃபினிடின் வகை நிறப்பொருளை டேலியா செய்வதில்லை. அதனால்தான் இத்தனை ஆயிரம் இனம் வந்தும் உண்மையான நீல டேலியா வரவில்லை. 'நீல டேலியா விதை' என்று படம் போட்டு விற்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம்.

விசித்திரமான ஒன்றைக் காப்பாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1872இல் மெக்சிக்கோவிலிருந்து ஒல்லாந்துக்கு ஒரு பெட்டி நிறையக் கிழங்கு போனது. வழியிலேயே அழுகி, ஒன்றே ஒன்றுதான் முளைத்தது. அது பூத்தபோது அதுவரை ஐரோப்பாவில் பார்த்த உருண்டைப் பூக்களைப்போல இல்லை, நல்ல சிவப்பு, இதழ்கள் பின்பக்கம் சுருண்டு கூராக நின்றன. அதற்கு மெக்சிக்கோ சனாதிபதி ஹுவாரெசின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு 'கள்ளி டேலியா' என்று நாம் பார்க்கிற கூரிதழ்ப் பூக்களின் மூதாதை அந்த ஒற்றைக் கிழங்கு.

ஆனால் எல்லா விசித்திரமும் பரம்பரையிலிருந்து வருவதில்லை, உப்புவெளிச் செடியைப் பார்க்கும்போது முதலில் தெளியவேண்டியது இதுதான். நாலு படத்திலும் நான் முதலில் பார்த்தது பூவை அல்ல, இலையை. இலை நரம்பை ஒட்டி வெளிர்ப்பச்சைத் திட்டு, சுருக்கம், குட்டையான வளர்ச்சி இருந்தால் வைரசு என்று சந்தேகப்பட வேண்டும். அசுவினி பரப்பும் டேலியா மொசைக் வைரசு கிழங்குக்குள்ளேயே இருந்து அடுத்த வருடமும் வரும், பக்கத்துச் செடிகளுக்கும் போகும். அப்படியென்றால் நானும் மாமியோடு சேர்ந்து பிடுங்கத்தான் சொல்லுவேன். பூவே பச்சையாகி இதழுக்குப் பதில் இலை மாதிரி வந்தால் அது தத்துப்பூச்சி கொண்டுவந்த நுண்ணுயிரின் வேலையாக இருக்கலாம், அதையும் வைத்திருக்கக் கூடாது. இரண்டு பூ முதுகோடு முதுகு ஒட்டியதுபோல வந்தால், வளர்நுனி தட்டையாக அகன்றுவிட்டது என்று அர்த்தம். பல நேரம் அடுத்த கிளையில் அது இருக்காது. இலை ஓரம் மட்டும் கருகியிருந்தால் நம் ஊர்க் கடற்காற்றையும் உவர்க் கிணற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சியின் செடியில் இலை சுத்தம். இதழுக்கு இதழ் இடம் மாறும் கீறல், நடுவில் ஒரு பெரிய சிவப்புத் துண்டு. இது என்னுடைய ஊகம்தான், ஆனாலும் நல்ல ஊகம்: உள்ளே ஒரு துள்ளும் மரபணுத் துண்டு இருக்கிறது. சோளத்து மணிகளின் புள்ளிகளை வருடக்கணக்காக எண்ணி, பரம்பரைத் துண்டுகள் இடம்விட்டு இடம் தாவும் என்று சொன்ன பார்பரா மக்லின்டொக்குக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே சங்கதி டேலியாவிலும் உண்டு. சிவப்பைச் செய்யச் சொல்லுகிற பரம்பரையலகின் நடுவில் ஒரு துண்டு போய்க் குந்திவிட்டால் சிவப்பு நின்று மஞ்சள் மட்டும் தெரியும். இதழ் வளரும்போது ஏதாவதொரு கலத்தில் அந்தத் துண்டு எழும்பிப் போய்விட்டால், அந்தக் கலமும் அதிலிருந்து பிரிந்த பிள்ளைகளும் சிவப்பாகும். மொட்டு மிகச் சின்னதாக இருக்கும்போதே எழும்பினால் கால்வாசிப் பூ சிவப்பு, கடைசி நேரத்தில் எழும்பினால் ஊசிக்கீறல். ஆகவே ஒவ்வொரு கீறலின் அகலமும் அந்தத் துண்டு எந்த நேரத்தில் தாவியது என்று எழுதிவைத்த குறிப்பு! 'மைக்கேல் ஜே' என்ற கோடுபோட்ட டேலியாவில் இப்படியொரு துண்டு இருப்பதை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். மாமி அதைக் குடும்பம் இரண்டாகப் போவதற்கான சகுனமாகப் பார்க்கிறார், உண்மையில் அது ஒரு கலக் குடும்பம் பெருகிய வழியின் வரைபடம். சகுனம் என்று பிடுங்குகிற ஒவ்வொரு முற்றத்திலும் இப்படியொன்றை நாம் வாசிக்காமலே எறிகிறோம், எனக்கு அது உண்மையாகவே மனவருத்தம்.

ஊகத்தைச் சோதிக்கும் வழி எளிது. கோடு எல்லாக் கிளையிலும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கிளையில் மட்டும் என்றால் மாற்றம் அந்தக் கிளையில்தான், அதிலிருந்து வெட்டி நட்டால்தான் கையில் நிற்கும். எல்லாக் கிளையிலும், ஆனால் ஒவ்வொரு பூவிலும் வேறு மாதிரி என்றால் துள்ளும் துண்டுதான் என்று துணிந்து நினைக்கலாம். முழுச் சிவப்பாக ஒரு பூ வந்தாலும் பயப்பட வேண்டாம், எதிர்பார்க்க வேண்டியதே அதுதான்.

இதில் முதல் பூவை நம்பக் கூடாது. கன்றின் முதல் பூ பல நேரம் இதழ் குறைந்து, வடிவம் கோணி வரும். மூன்றாவது நாலாவது பூவில்தான் செடி தன் சுயத்தைக் காட்டும். நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்தில் கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தொடும். திருகோணமலையில் மார்கழியில் 11 மணி 40 நிமிடம் அளவில், ஆனியில்கூடப் பன்னிரண்டரை மணிதான். பகல் குறுகினால் அடுக்கு டேலியாவிலும் வெளியிதழ்கள் குறைந்து நடு மஞ்சள் தெரியத் தொடங்கும். ஆகவே இங்கே கண் திறந்து பூக்கிற கன்று வேறு இடத்தில் நிறைந்த அடுக்காகப் பூக்கலாம். வெயில் ஏற ஏறச் சிவப்பும் ஊதாவும் வெளிறும். பங்குனி கடைசியில் வந்த பூவை மாசிப் பூவோடு ஒப்பிட்டு 'நிறம் போச்சு' என்று முடிவெடுக்க வேண்டாம்.

பிறகு வருகிற வருடங்களில் பார்ப்பதெல்லாம் சாதாரண குணங்கள். தண்டு பூவைத் தாங்குகிறதா, பூ முகம் நிமிர்ந்து நிற்கிறதா, வெட்டித் தண்ணீரில் வைத்தால் எத்தனை நாள், எல்லாவற்றுக்கும் மேல், கிழங்கு வைக்கிறதா? கிழங்கு வைக்காத அழகி அடுத்த வருடம் இருக்கமாட்டாள். அமெரிக்க டேலியாச் சங்கத்தின் சோதனைத் தோட்டங்களில் புது இனம் தேற நூற்றுக்கு 85 புள்ளி வேண்டும், அதுவும் ஒரு தோட்டத்தின் தீர்ப்பு போதாது. நமக்கு அப்படித் தோட்டம் இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, கரையோரத்தில் வெக்கை தாங்கும் பூக்களைத் தெரிவுசெய்யும் ஒரு சின்னப் பாத்தி வைக்கப் பெரிய காசு தேவையில்லை. நுவரெலியாப் பூவை லொறியில் இறக்கித்தான் திருகோணமலையில் மாலை கட்ட வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. பூ ஆராய்ச்சிக்குக் காசு கேட்டால் ஆடம்பரம் என்கிறார்கள், நான் ஒருநாளும் அதை ஏற்கமாட்டேன்.

சரி, தங்கச்சி இனிச் செய்யவேண்டியது. அந்தச் செடிக்கு ஒரு இலக்கம் எழுதிக் குச்சியில் கட்டுங்கள், பெயர் இப்போது வேண்டாம். இரண்டு மூன்று இளந்தளிரை வெட்டி ஈரமான ஆற்றுமணலில் நிழலில் வையுங்கள், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். கச்சான் காற்றில் செடி வாடத் தொடங்கியதும் கிழங்கைக் கழுத்தோடு சேர்த்துக் கிளறி எடுங்கள், கழுத்தில்தான் கண் இருக்கும், கண் இல்லாத கிழங்கு எவ்வளவு பெரிதானாலும் முளைக்காது. காய்ந்த தும்புத்தூளில் புதைத்து, மழை படாத இடத்தில் கார்த்திகை வரை வையுங்கள். அடுத்த மாசியில் மூன்றாவது பூ விரிந்ததும் பக்கத்துக் கிளைப் பூவையும் சேர்த்து எனக்குப் படம் அனுப்புங்கள், இலையின் அடிப்பக்கத்தையும் எடுக்க மறக்க வேண்டாம்.