துளி கூம்பாகும் கோணம்

குழாயை மெல்லத் திறந்து, தண்ணீர் நூல் மாதிரி விழும்படி விடுங்கள். எண்ணெய் இல்லாத உலர்ந்த தலையில் பத்து முறை சீவிய பிளாஸ்டிக் சீப்பை அதன் பக்கத்தில் கொண்டுபோனால், தண்ணீர் சீப்பை நோக்கி வளையும். 1600-ல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் இதைவிட நுணுக்கமான ஒன்றை எழுதிவைத்தார். உலர்ந்த பரப்பில் உருண்டு நிற்கும் நீர்த்துளிக்கு மேலே, தேய்த்த அம்பரை (கல்லாகிப்போன மரப்பிசின்) கொண்டுபோனால் துளி கூம்பாக எழும்புகிறது!

துளியை உருண்டையாகப் பிடித்துவைத்திருப்பது பரப்பு இழுவிசை. தேய்த்த பொருளின் மின்புலம் வந்ததும் தண்ணீருக்குள் இருக்கும் நேர் அயனிகள் ஒரு முனைக்கும் எதிர் அயனிகள் மறுமுனைக்கும் ஒதுங்குகின்றன. முனைகள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுபட, துளி நீள்கிறது. நீள நீள முனை கூராகிறது. கூரான இடத்தில் புலம் வலுக்கிறது, வலுத்த புலம் இன்னும் இழுக்கிறது. 1 மி.மீ. ஆரமுள்ள நீர்த்துளி, சென்டிமீட்டருக்குச் சுமார் 13,000 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். அந்த நேரத்தில் அதன் நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்புறம் நுனி கிழிந்து, மெல்லிய தாரை பீறிடும்.

அந்தக் கூம்புக்கு ஒரு கணக்கு உண்டு. நுனியை நெருங்க நெருங்கப் பரப்பு இழுவிசையின் பிடி இறுகுகிறது. மின்னிழுப்பும் அதே விகிதத்தில் ஏறினால்தான் கூம்பு கலையாமல் நிற்கும். இரண்டும் அப்படிச் சேர்ந்து ஏறுவது ஒரே ஒரு கோணத்தில்தான் என்று 1964-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் காட்டினார். அச்சிலிருந்து 49.3 டிகிரி. மின்சாரம் நன்றாகக் கடத்தும் திரவம் என்றால் போதும், தண்ணீரானாலும் பாதரசமானாலும் அதே கோணம்தான். எனக்கு இந்த எண்ணை எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு தீர்வதில்லை.

சரி, தாரையிலிருந்து சிதறும் குட்டித் துளிகள் என்னவாகின்றன? நீர் ஆவியாகிறது, மின்னூட்டம் தங்கிவிடுகிறது. துளி சுருங்கச் சுருங்க மின்னூட்டம் நெருக்கியடித்து, ஒரு கட்டத்தில் துளியைப் பிளந்துவிடும். அந்த எல்லையை 1882-லேயே ராலே பிரபு கணக்கிட்டிருந்தார். பிளக்கும்போது எடையில் மிகச் சிறு பங்கே போகும், மின்னூட்டத்திலோ அதைவிடப் பெரிய பங்கு போய்விடும்.

இதை அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஃபென் பிடித்துக்கொண்டார். புரத மூலக்கூறை எடைபோட அதை வாயுவாக்க வேண்டும். சூடாக்கினாலோ முட்டையின் வெள்ளைக்கரு போல வெந்துவிடும். ஃபென் புரதக் கரைசலை உயர் மின்னழுத்தம் கொடுத்த ஊசிமுனை வழியே தெளித்தார். துளிகள் சுருங்கிப் பிளந்து, கடைசியில் மின்னூட்டம் ஏறிய புரதம் மட்டும், வேகாமல் சிதையாமல், எடைபோடும் கருவிக்குள் பறந்து போனது. 2002-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 85. தன் நோபல் உரையில் புரதங்களை மூலக்கூறு யானைகள் என்றார். மின்தெளிப்பு அவற்றுக்கு முளைத்த இறக்கை.