சாயா கிளாஸும் ஓசிடியும்

"சாரே, இவருக்கு நோய் ஒண்ணும் இல்ல, திமிரு" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மா கணவரை என் அறைக்குள் கூட்டி வந்தார். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம், ஐம்பதைத் தாண்டியவர் (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ராத்திரி கடைப் பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார், தோல் உரிய உரியக் கை கழுவுவார், ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் கை நனைக்க மாட்டார். ஏன் என்று கேட்டால் சுள்ளென்று விழுவார்.

எனக்கு உடனே 1997-ல் வந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' ஆங்கிலப் படத்து மெல்வின்தான் ஞாபகம் வந்தார். ஜாக் நிக்கல்சன் நடித்த நியூயார்க் எழுத்தாளர். ஒரு தடவை தொட்ட சோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பிரிப்பார், சாப்பாட்டுக் கடைக்குத் தன் பிளாஸ்டிக் கரண்டியோடு போவார், நடைபாதையில் கல் இடுக்கை மிதிக்க மாட்டார். வாயும் விஷம். பக்கத்து வீட்டு ஓவியரின் நாயைக் குப்பைக் குழாயில் தள்ளிவிடுகிற ஆள். அந்த ஓவியரும், ஆஸ்துமா பையனை வைத்துக்கொண்டு அல்லாடும் ஹோட்டல் பணிப்பெண் கேரலும்தான் கடைசியில் இவருக்கு வாய்த்த நண்பர்கள். கேரலாக வந்த ஹெலன் ஹன்ட், நிக்கல்சன், ரெண்டு பேருக்குமே ஆஸ்கர் கிடைத்தது.

சோப்பு நோய், வாய் குணம். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. என்னிடம் வரும் ஓசிடிக்காரர்கள் (வேண்டாத எண்ணம் விடாமல் துரத்த, அதற்காக ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய் இது) பலர் பரம சாது, 'என்னால் வீட்டுக்கே கஷ்டம்' என்று குமைகிறவர்கள். கேரல் மெல்வினுடைய நோயைப் பொறுத்துக்கொள்வார், வாயைப் பொறுக்க மாட்டார். அது எனக்குப் பிடித்தது. ஆனால் படம் பார்க்கிறவர்கள் காதல் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள், மெல்வின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் இதுவே 'ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா செரியாயிரும்' ஆகிறது. தயவுசெய்து வேண்டாம், இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து அழுவாள்.

"எனக்கே தெரியும் சாரே, பூட்டியாச்சு. ஆனா கை கேக்க மாட்டேங்கு" என்றார் நம் ரப்பர்க்காரர். இதுதான் ஓசிடி. கையில் அழுக்கு என்று ஓர் எண்ணம் வருகிறது, பதற்றம் ஏறுகிறது, கழுவினால் கொஞ்ச நேரம் நிம்மதி, அந்த நிம்மதிக்குப் பழகிய மூளை அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பதறுகிறது. வீட்டார் பாசத்தில் செய்கிற உதவியும் இதற்குத்தான் தீனி. மனைவி பூட்டைப் போட்டோ எடுத்துக் காட்டுவார், சாயாக்கடை அக்கா அவர் கண் முன்னால் கிளாஸை மூன்று தடவை வெந்நீரில் அலசித் தருவார்.

சிகிச்சை நேர் எதிர். பயப்படுகிற விஷயத்தைச் சின்னதாகத் தொடங்கித் தொட வேண்டும், தொட்ட பிறகு கழுவக் கூடாது, பதற்றம் தானாக இறங்கும்வரை உட்கார வேண்டும். கூடவே மனநல மருத்துவர் தரும் மாத்திரை. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம், இரண்டாம் வாரமே நிறுத்திவிட்டு 'கேக்கல' என்று சொன்னால் எப்படி? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டலாம், முதலில் பேசிப் பார்க்க அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலிமானஸ் 14416 இருக்கிறது, காசு கிடையாது.

அவர் சம்மதத்தோடு அந்த அக்காவிடமும் பேசினேன், இனி ஒரு தடவைதான் அலச வேண்டும் என்று. "எனக்குத் தண்ணி லாபம் சாரே" என்று சிரித்தார். முதல் நாள் ரப்பர்க்காரர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார், மேலே பாலாடை கட்டிவிட்டது, நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா எதுவும் சொல்லாமல் பக்கத்தில் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வழியாக ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப் போச்சே, சூடா ஒண்ணு போடுங்க" என்றார். அக்கா அதே கிளாஸில் ஊற்றினார்.