ஈரக் குளிர்காலத்தில் ஒரு குதிரையின் உடல்

லண்டனில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் பெய்கிறது. ஆனால் சென்னையில் அடைமழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்தால் தரை இறுகிவிடும். இங்கிலாந்திலோ நவம்பரில் குழையத் தொடங்கும் மண் பெரும்பாலும் மார்ச் வரை குழைந்தே கிடக்கும். டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. சூரியன் தாழ்வாகவே ஊர்ந்து மறைகிறது. புல்லும் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடுவதால் வேர்கள் உறிஞ்சும் நீரும் குறைவு. மண்ணில் இறங்கிய நீர் மேலே போக வழியே இல்லை. களிமண் நிலமென்றால் கீழேயும் எளிதில் இறங்காது. அந்த மண்ணின் மேல் 500 கிலோ எடையுள்ள விலங்கு நான்கு சிறிய குளம்புகளை ஊன்றி நடந்தால் என்ன ஆகும்? மேய்ச்சல் நிலத்தின் வாயிற்படலருகே போய்ப் பார்த்தால் தெரியும். தீனிக்காகக் குதிரைகள் கூடி நிற்கும் அந்த இடம்தான் முதலில் சேறாகிறது.

இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, பாவம், குளிருமே, உள்ளே கட்டிவிடலாம் என்பதுதான். அந்த இரக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குதிரையின் உடலைப் பற்றிய கணக்கு அதில் தவறிவிடுகிறது. ஆடையில்லாத மனிதனுக்கு 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே உடல் சூட்டைக் காக்க வேலை செய்யத் தொடங்கிவிடும். மிதமான தட்பவெப்பத்துக்குப் பழகிய குதிரைக்கு அந்த எல்லை சுமார் 5 டிகிரி. கனடாவின் குளிருக்குப் பழகிய குதிரைகளுக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 15 டிகிரி வரை இறங்குவதாக அளந்திருக்கிறார்கள். உலர்ந்த உறைபனியில் நிற்கும் குதிரை நாம் நினைப்பதைவிட வசதியாகவே நிற்கிறது. அதற்குப் பெரிய தொல்லை 6 டிகிரியில் காற்றோடு சேர்ந்து நாள்முழுக்கப் பெய்யும் மழை.

இதைக் குதிரைகளிடமே கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நார்வே ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைக் குறிகளைப் பழக்கினார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் போர்வை போர்த்துவார்கள். இன்னொன்றைத் தொட்டால் கழற்றுவார்கள். வெற்றுப் பலகையைத் தொட்டால் இருப்பது இருக்கட்டும் என்று பொருள். எல்லாக் குதிரைகளும் இரண்டு வாரத்துக்குள் கற்றுக்கொண்டன. நல்ல வெயில் நாளில் பெரும்பாலும் போர்வை வேண்டாம் என்றன. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் வேண்டும் என்றன. 2016இல் வெளிவந்த இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. விலங்கின் தேவையை நம் உணர்ச்சியிலிருந்து ஊகிக்காமல், அதற்கே ஒரு வாயைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஈரம் அப்படி என்ன செய்துவிடுகிறது? பகல் குறையக் குறைய, அந்த மாற்றத்தைக் கண் வழியாக உணரும் குதிரையின் உடல் அடர்ந்த குளிர்கால ரோமத்தை வளர்க்கிறது. குளிர் கூடும்போது ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் உள்ள நுண்தசை இறுகி ரோமத்தை நிமிர்த்துகிறது. ரோமங்களுக்கிடையே அடைபடும் காற்றுதான் உண்மையான போர்வை. தோலிலிருந்து சுரக்கும் எண்ணெய்ப்பசை வெளி ரோமத்தில் படிந்திருப்பதால், கீற்றுக் கூரையில் போல மழைநீர் மேலாக வழிந்து இறங்கிவிடும். தூறலில் நனைந்த குதிரையின் ரோமத்தை விலக்கித் தொட்டால் அடித்தோல் காய்ந்திருப்பது இதனால்தான். ஆனால் மழை விடாமல் பெய்தால் ரோமம் படிந்து ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் நீர் வந்துவிடும். காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கு குதிரையின் உடலிலிருந்தே போகிறது. அந்தச் செலவை ஈடுகட்டக் குதிரைக்கு இருப்பது வயிறுதான்.

குதிரையின் பெருங்குடலும், அதன் தொடக்கத்தில் பைபோல் இருக்கும் குடல்வாலறையும் சேர்ந்து நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அந்த நொதித்தலில் பிறக்கும் வெப்பம் மணிக்கணக்கில் உடலுக்குள்ளேயே பரவுகிறது. ஓட்ஸ் போன்ற தானியம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடுவதால் இவ்வளவு வெப்பம் அதில் கிடைக்காது. ஆகவே குளிர்கிறதே என்று ஒரு வாளி தானியம் கூடுதலாக வைப்பதைவிட, இன்னும் இரண்டு கிலோ உலர்புல் வைப்பதே பலன் தரும். சாதாரண நாளிலேயே உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை, அதாவது 500 கிலோ குதிரைக்கு 7.5 முதல் 10 கிலோ வரை உலர்தீனி வேண்டும். இரவில் அது தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எந்தப் போர்வைக்கும் குறைந்ததல்ல.

பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர். உலர்புல்லில் அது ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. தீனி மாறும் அதே நேரத்தில் தொட்டித் தண்ணீரும் சில்லிட்டுப்போவதால் குதிரை குறைவாகக் குடிக்கும். குடலில் தீனி இறுகி அடைத்துக்கொண்டால் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்தாகலாம். வெதுவெதுப்பான நீர் வைத்தால் கூடுதலாகக் குடிக்கின்றன.

இனி கால்கள். சேற்றில் நிற்கும் குதிரைகளின் கணுக்காலுக்குப் பின்னே பொருக்குத் தட்டி வெடிக்கும் நோயை இங்கிலாந்தில் ‘மட் ஃபீவர்’ என்கிறார்கள். சேற்றுப்புண் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் அடிக்கடி அகப்படும் பாக்டீரியா டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ். 1915இல் அன்றைய பெல்ஜியன் காங்கோவின் மாடுகளில் முதலில் விவரிக்கப்பட்டது. இங்கிலாந்தின் சேற்றிலும் சுகமாக வாழ்கிறது. வறண்ட பொருக்குக்குள் அது உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் நீந்தக்கூடிய வித்துகளை வெளியிடும். ஆரோக்கியமான தோலை அவற்றால் துளைக்க முடியாது. நாள்கணக்கில் ஊறி மென்மையான தோல், மணல் உராய்ந்த கீறல், இவைதான் அவற்றின் வாசல். நாள்தோறும் குழாய்நீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கழுவும் பழக்கம் அதனால்தான் பல நேரம் கேடாகிறது. எண்ணெய்ப்பசை போய்விடுகிறது, கால் மறுபடி ஈரமாகவே இரவைக் கழிக்கிறது. சேற்றைக் காயவிட்டுத் தூரிகையால் தட்டுவது நல்லது. கழுவியே ஆகவேண்டுமென்றால் துண்டால் ஒற்றி முழுக்க உலர்த்த வேண்டும். குளம்பின் அடியில் சேறு அடைந்து காற்றுப் புகாமல் போனால் பிராணவாயு வேண்டாத பாக்டீரியாக்கள் அங்கே அழுகலை உண்டாக்கும். தினமும் குளம்பைச் சுரண்டிப் பார்ப்பதற்கு மாற்று ஏதுமில்லை.

சரி, நாள்முழுக்க லாயத்திலேயே நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லைகள் தீருமே? தீரும்; வேறு தொல்லைகள் வரும். குதிரையின் முழங்காலுக்குக் கீழே சொல்லத்தக்க தசை எதுவுமில்லை, தசைநாண்களும் எலும்பும்தான். அங்கிருந்து நிணநீரும் இரத்தமும் மேலேறுவது பெரிதும் நடையின் அசைவால்தான். நின்றுகொண்டே இருக்கும் குதிரையின் கால்கள் காலையில் வீங்கியிருக்கும். பதினைந்து நிமிடம் நடத்தினால் வடிந்துவிடும். மூடிய லாயத்தில் உலர்புல்லின் பூஞ்சைத் தூசியும் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் சுவாசக் குழாய்களை எரிச்சலூட்டி ஆஸ்துமாவுக்கு இட்டுச் செல்லும். புல்லை நனைத்துக் கொடுப்பது தூசியைக் குறைக்கும். கதகதப்பு என்று எண்ணி ஜன்னலை அடைப்பதுதான் நான் கண்டவற்றில் மிகப் பரவலான, மிக எளிதில் திருத்தக்கூடிய தவறு.

எலும்பு இன்னும் நுட்பமானது. பயிற்சி பெற்ற குதிரையின் இதயமும் நுரையீரலும் சில வாரங்கள் வேலையில்லாவிட்டாலும் பெரிதாகத் தளர்ந்துவிடுவதில்லை. எலும்பு அப்படிப் பொறுத்திருப்பதில்லை. இளங்குதிரைகளை மேய்ச்சலிலிருந்து லாயத்துக்கு மாற்றினால் சில வாரங்களிலேயே முன்கால் எலும்பின் தாதுச்சத்து குறையத் தொடங்குகிறது. ஆனால் இதற்கான மருந்து ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது. 1984இல் ரூபின், லான்யன் என்ற ஆய்வாளர்கள் பறவையின் இறக்கை எலும்பில் செய்த சோதனையில், நாளுக்கு நான்கு முறை அழுத்தம் கொடுத்தாலே எலும்பு கரையாமல் நின்றது. 36 முறை கொடுத்தபோது வளர்ந்தது. அதற்கு மேல் எத்தனை முறை கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. எண்ணிக்கையைவிட அழுத்தத்தின் வலுவும் வேகமும் முக்கியம். குதிரைக்கு இதன் பொருள்: ஒரு மணி நேரம் மெதுவாக வட்டமடிப்பதைவிட, நல்ல தரையில் வாரத்தில் சில நாள் குறுகிய துள்ளலோட்டம் எலும்புக்கு உதவும்.

நல்ல தரை என்பதுதான் சிக்கல். ஆழ்சேற்றில் ஒவ்வொரு அடியிலும் குளம்பு உறிஞ்சப்படுவதால் தசைநாண் தேவையில்லாமல் இழுபடும். வழுக்கினால் இன்னும் மோசம். அதனால்தான் மணலோடு செயற்கை இழைகளைக் கலந்து மெழுகு பூசிய தரைகள் அங்கே பரவின. நீர் அதில் தேங்காமல் இறங்கிவிடும், மணல் குழையாது. பிரிட்டனின் முதல் செயற்கைத் தரைப் பந்தயம் 1989 அக்டோபரில் லிங்ஃபீல்டு பந்தயத் திடலில் நடந்தது. தடைதாண்டும் பந்தயங்களோ குளிர்காலத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அவற்றில் பதினைந்து பருவங்களில் முதலிடம் பெற்ற பயிற்சியாளரான மார்ட்டின் பைப், ஏற்றமான தடத்தில் குறுகிய தூரம் ஓடவைத்து, ஓய்வு கொடுத்து, மறுபடி ஓடவைக்கும் முறையால் பெயர் பெற்றவர். ஏற்றத்தில் வேகம் குறைவாக இருந்தாலும் இதயத் துடிப்பு எகிறும். முன்கால்களுக்கு விழும் சுமையோ குறையும். இந்த வசதி இல்லாதவர்களுக்குத் தார்ச்சாலையில் விறுநடையும், வடிகால் நன்றாக உள்ள ஒரு மேட்டுப்பாதையும் போதும்.

உழைக்கும் குதிரைக்கு அடர்ரோமமே பாரமாகிவிடும். வியர்வை உள்ளிருந்து நனைத்துவிட்டால் மழை நனைத்ததைப் போலவே சூடு போகும். எனவே கழுத்தின் அடிப்பகுதி, மார்பு, வயிறு என வியர்க்கும் இடங்களை அக்டோபர் வாக்கில் மழித்து, நீர்புகாத போர்வை போர்த்துகிறார்கள். மழித்த குதிரைக்கு அந்தப் போர்வை அவசியம். மழிக்காத, கொழுத்த, வேலையில்லாத குதிரைக்கு அது பல நாளில் கேடு. நிமிர வேண்டிய ரோமத்தை அமுக்கிவிடும், கரைய வேண்டிய கொழுப்பைக் காத்துவிடும். எதுவானாலும் வாரம் ஒருமுறை போர்வையைக் கழற்றி விலா எலும்புகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அடர்ரோமத்துக்குக் கீழே மெலிவும் தெரியாது, பெருப்பும் தெரியாது.

டிசம்பர் 21க்குப் பிறகு பகல் நீளத் தொடங்கியதும், கடுங்குளிர் இன்னும் மிச்சமிருக்கும்போதே, குதிரையின் தோல் கோடை ரோமத்துக்கான வேலையைத் தொடங்கிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் கடைசி மழிப்பை ஜனவரி இறுதிக்குள் முடித்துவிடுகிறார்கள்.